புடைப்பலகுத் தாரா: ஓர் இனங்காண் வரலாறு

இலங்கையில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வசமிருந்த பகுதிகளை 1752 முதல் 1757 வரை தேசாதிபதியாக நின்று ஆண்டவர் யோன் கிடியன் லோற்றன் ஆவர். கறுவா வருவாயைக் கணக்கிடுவதோடு அமையாது, இந்நாட்டுப் பறவைகளையும் விலங்குகளையும் வண்ண ஓவியங்களாக வரைவித்துத் திரட்டிவந்தமை அவருக்குரிய தனிச்சிறப்பாகும். அவற்றை வரைந்த பீற்றர் கொர்ணேலிசு டி பெவெரே இலங்கையிலேயே பிறந்தவர். ஐரோப்பியக் குருதியும் ஆசியக் குருதியும் கலந்த குடியினர். ஆட்சியாளரின் பெயர் ஒரு தேன்சிட்டின் பெயரோடு ஒட்டி இன்றும் வழங்குகின்றது. ஓவியரின் பெயரையோ ஆராய்ச்சியாளர் சிலரே அறிவர்.

பதவி நீங்கிய லோற்றன் பின்னர் இலண்டன் நகரில் வாழ்ந்தபோது அத்திரட்டு அறிஞர் பலரின் பார்வைக்கு வந்தது. தோமசு பென்னன்ற் என்னும் இயற்கைநூலார் அதனை ஆதாரமாகக் கொண்டு 1769ஆம் ஆண்டில் இந்திய விலங்கியல் என்னும் நூலை வெளியிடலானார். அதன்கண் கரிய முதுகும் வெண்ணிறக் கீழுடலும் கொண்ட ஒரு நீர்ப்பறவை இடம்பெற்றது. பென்னன்ற் அதனை வாத்தினத்துட் சேர்த்து, கருமுதுகுடையது எனப் பொருள்படும் சிறப்புப் பெயரை இட்டார். அப்பறவைக்கு மூல இடமாக அறிவியலார் கொண்டிருப்பது இலங்கையே. ஆபிரிக்காவிலும் மடகாசுக்கரிலும் இந்தியாவிலும் பரந்து வாழும் ஓரினத்திற்கு உலகம் வழங்கும் பெயர், இந்நாட்டில் வாழ்ந்த ஒரு பறவையைக் கொண்டே அமைந்தது என்பது பலர் அறியாத செய்தி.

பென்னன்ற் ஆசியாவிற்கு வந்தவரல்லர். ஓவியத்தைக் கண்டே பெயரிட்டார். பிறர் வரைந்த படத்தை நம்பி இனங்குறித்தலை இக்காலத்தார் குறைகூறக்கூடும். எனினும் இவ்விடத்து ஓவியம் பொய்க்கவில்லை. பிழை நேர்ந்தது வகைப்படுத்தலிலேதான். அது பெருவாத்தும் அன்று, பொதுவான தாராவும் அன்று என்பது பின்னரே தெளிவாயிற்று. 1838இல் எயிற்றன் என்பார் அதற்கெனத் தனிப்பேரினம் ஒன்றை வகுத்தார்.

இப்பறவையைத் தமிழிற் புடைப்பலகுத் தாரா எனலாம். ஆணின் மேலலகின்மீது கரிய தசைப்புடைப்பு ஒன்று உண்டு. அது இனப்பெருக்கக் காலத்திற் பெருத்து, ஏனைக் காலத்திற் சுருங்கும். பெண்ணுக்கு அப்புடைப்பு இல்லை. உருவமும் ஆணினும் மிகச் சிறிது. ஆகவே பெயருக்குக் காரணமான உறுப்பை மட்டும் நம்பித் தேடுவோன் இனத்திற் பாதியைக் கண்டும் காணாதவனாவான். இருபாலுக்கும் பொதுவான அடையாளங்கள் கரும்புள்ளி விரவிய வெண்தலையும், ஒளிரும் கரிய முதுகும், மேற்புறத்தில் வெண்மை சிறிதுமின்றி முற்றிலும் கருத்த சிறகுகளுமாம். நம் குளங்களில் வாழும் குள்ளத்தாராவும் வெண்மையும் கருமையும் கலந்ததே. அளவில் அது மிகச் சிறிதாயினும், ஒப்பிடுதற்குப் பிறிதொரு பறவை அருகில் இல்லாத அகன்ற நீர்ப்பரப்பில், மாலை வெயில் எதிரே வீசும்போது, அளவு என்பது கண்ணை ஏமாற்றும். ஆண் குள்ளத்தாரா பறக்குங்கால் சிறகில் வெண்பட்டை தோன்றும். ஐயம் அங்கே தீரும்.

19ஆம் நூற்றாண்டில் ஐயந்தீர்க்கும் வழி வேறாயிருந்தது. பறவையைச் சுட்டு வீழ்த்தித் தோலைப் பாடம்பண்ணினர். கெலாட் 1852இல் வெளியிட்ட நூலும், லெயாட் அடுத்த ஆண்டுகளில் எழுதிய குறிப்புக்களும், பீரங்கிப்படை அதிகாரியான லெக் 1878 தொடங்கி 1880இல் முடித்த இலங்கைப் பறவைகள் வரலாறும் அம்முறையின் விளைவுகள். உடல் நீளம், சிறகு நீளம், கண்ணின் நிறம், காலின் நிறம் என லெக் ஒவ்வொன்றையும் அளந்து குறித்தமை கையில் உடல் இருந்தமையாலேயே இயன்றது. அந்நூலின் பெருமையை எவரும் மறுக்க இயலாது. ஆயினும் அரிதான ஒரு பறவைக்கு அம்முறை கேடாகவே முடியும். தொகையிற் குறைந்த இனத்தில் சான்றாகச் சுடப்பட்ட ஒவ்வொன்றும் தொகையை மேலும் குறைத்தது.

புடைப்பலகுத் தாரா 20ஆம் நூற்றாண்டில் இந்நாட்டிலிருந்து அற்றுப்போயிற்று என்றே பறவைநூலார் கொண்டனர். அழிவுக்குக் காரணம் வேட்டை ஒன்றே எனல் பொருந்தாது. இப்பறவை நீரருகே நிற்கும் முதுமரங்களின் பொந்துகளிற் கூடுகொள்வது. பொந்துமரம் இல்லாத குளத்தில் அதற்கு இரையுண்டு, குஞ்சில்லை. குளக்கரையிலுள்ள பட்டுப்போன மருதமரத்தைப் பயனற்றதெனக் கருதி விறகுக்குத் தறித்தலால் விளையும் கேட்டை எவரும் கணக்கிடுவதில்லை.

இதற்கிடையே இனங்காணும் முறையும் மாறிற்று. 1955இல் வெளிவந்த ஹென்றியின் வழிகாட்டி நூல், உயிரோடுள்ள பறவையைத் தொலைவில் நின்று அறியும் நோக்குடன் எழுதப்பட்டது. படங்களையும் அவரே வரைந்தார். இரு நூற்றாண்டுகளின் பின் தூரிகை மீண்டும் துப்பாக்கியின் இடத்தைப் பெற்றது எனலாம். 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் சனவரியில் குளங்களிலும் களப்புக்களிலும் எண்ணும் வழக்கத்தை உண்டாக்கிற்று.

எனினும் எண்ணுவோர் செல்லாத இடத்திற் பட்டியல் மௌனமாயிருக்கும். 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போர்க்காலத்தில் வடக்கின் குளங்கள் பெரும்பாலும் பறவை நோக்குவோருக்கு எட்டாதவையாயின. அக்காலத்துக் குறிப்பின்மையைப் பறவையின்மை எனக் கொள்ளுதல் தவறு.

21ஆம் நூற்றாண்டில் புடைப்பலகுத் தாரா இலங்கையில் மீண்டும் காணப்பட்டது. இங்கே இனம்பெருக்குவதும் அறியப்பட்டது. அவை மறைந்து வாழ்ந்த பழங்குடியின் வழியினவா, பாக்குநீரிணையைக் கடந்து வந்தவையா என்பதே எஞ்சும் வினா. மழைக்கேற்ப இடம்பெயரும் இயல்பு இவ்வினத்துக்கு உண்மையானும், தென்னிந்தியாவில் இது வாழ்வதானும், குறுகிய அக்கடலைக் கடந்து வந்தன என்பதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. பழங்குடியின் எச்சம் என வாதிப்போர், இத்துணைப் பெரிய பறவை இவ்வளவு காலம் குளத்தருகே வாழும் உழவரின் கண்ணிற்கும் புலப்படாதிருந்தது எவ்வாறு என்பதை விளக்கல் வேண்டும். உழவர் கண்டிருக்கவும் கூடும்; கண்டதைத் தாரா என்றே சொல்லியிருப்பர்.