வேறிடத்தில் படித்த பாடம் யார் கணக்கில்? பல்கலைக்கழகப் பரிமாற்றத்தின் வரலாறு

மியூனிக் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்த மாக்ஸ் பிளாங்க், 1877இல் ஓராண்டுப் படிப்புக்காகப் பெர்லின் போனார். ஹெல்ம்ஹோல்ட்ஸ், கிர்க்ஹாஃப் என்ற இரு பெரும் பெயர்கள்தான் அவரை இழுத்தன. ஆனால் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தயாரிப்பு இல்லாமல் வகுப்புக்கு வந்து, தட்டுத்தடுமாறிப் பேசி, கரும்பலகையில் கணக்கைத் தப்பாகப் போடுவார். கிர்க்ஹாஃபோ அட்சரம் பிசகாமல் தயாரித்து வந்து, மனப்பாடச் செய்யுள்போல ஒப்பிப்பார். இதைப் பிளாங்கே பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார். வகுப்பில் கிடைக்காததை வெப்ப இயக்கவியல் அறிஞர் கிளௌசியஸின் நூல்களைத் தானே படித்துத் தேடிக்கொண்டு மியூனிக் திரும்பினார். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி பற்றிய ஆய்வேட்டுக்கு 1879இல் அங்கேயே முனைவர் பட்டமும் பெற்றார். பெர்லினில் அவர் படித்தது எத்தனை கிரெடிட் பெறும் என்று எந்த அலுவலகமும் கேட்கவில்லை. கேட்பதற்கு அப்படியொரு அளவுகோலே அன்று இல்லை.

இன்று ஒரு முனைவர் பட்ட மாணவர் இன்னொரு பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு பாடம் எடுக்க வேண்டுமானால் வழிகாட்டி, துறைத் தலைவர், டீன், மறுபக்கத்துப் பேராசிரியர், பதிவாளர் அலுவலகம் என்று கையெழுத்துக்கு அலைய வேண்டியிருக்கிறது. மாணவர் இடம்பெயர்வு பல்கலைக்கழகம் தோன்றிய நாளிலிருந்தே உண்டு. பரிமாற்றத் திட்டம் என்ற ஏற்பாடு பிந்தியது. அது அறிவுத் தேவையால் மட்டும் பிறந்ததல்ல, கணக்குச் சிக்கலைத் தீர்க்கவும் பிறந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். கணக்கு இரண்டு வகை: படித்த பாடம் யாருடைய ஏட்டில் ஏறும், கட்டணம் யாருடைய கல்லாவில் விழும். முதல் கணக்கைப் பற்றி எழுதியவர்கள் பலர். இரண்டாவதைப் பெரும்பாலும் அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறார்கள்.

பாதுகாப்பும் தடையும்

இடைக்காலத்து மாணவருக்குத் தேவைப்பட்டது வழிப்பாதுகாப்பு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுவில் பேரரசர் முதலாம் ஃபிரெடரிக் பிறப்பித்த 'ஹபிதா' ஆணை, படிப்புக்காகப் பயணம் செய்வோரைத் தன் காப்பில் எடுத்துக்கொண்டது. ஊர்க்காரன் வாங்கிய கடனுக்கு அயலூரில் படிக்கும் மாணவனைப் பிடித்துவைக்கும் வழக்கத்தை அது தடுத்தது. வழக்கு வந்தால் தன் ஆசிரியரையோ ஆயரையோ நீதிபதியாகத் தேர்ந்துகொள்ளும் உரிமையையும் தந்தது. 1233இல் துலூஸ் பல்கலைக்கழகத்துக்குப் போப் ஒன்பதாம் கிரெகரி அளித்த உரிமை இன்னொரு வகை: அங்கே பட்டம் பெற்றவர் எங்கும் மறுதேர்வின்றிப் பாடம் நடத்தலாம். ஏட்டில் அப்படி. நடைமுறையில் பெரிய பல்கலைக்கழகங்கள் மற்றவற்றின் பட்டதாரிகளைச் சந்தேகத்தோடுதான் பார்த்தன.

சமயப் பிளவுக்குப் பிறகு அரசுகளே கதவைச் சாத்தின. 1559இல் ஸ்பெயினின் இரண்டாம் ஃபிலிப், தன் குடிமக்கள் வெளிநாட்டில் படிப்பதற்குத் தடை விதித்து, பொலோன்யா, ரோம், நேப்பிள்ஸ், கொய்ம்ப்ரா ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு அளித்தார். மாணவர் இடம்பெயர்வை அரசியலும் மதமும் தீர்மானித்த காலம் அது.

கட்டணம் மாணவரோடு நடந்த காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் நிலைமை வேறு. ஒரே பல்கலைக்கழகத்தில் படித்து முடிப்பவரைவிட இரண்டு மூன்று ஊர் மாறிப் படிப்பவரே அங்கே இயல்பான மாணவர். கற்பதில் மாணவருக்கு உள்ள சுதந்திரம் என்ற கொள்கையைத்தான் இதற்குக் காரணமாக எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் கொள்கைக்கு அடியில் ஒரு பண ஏற்பாடு இருந்தது. மாணவர் ஒவ்வொரு விரிவுரைத் தொடருக்கும் தனித்தனியே பணம் கட்டினார். அந்தப் பணம் அதை நடத்தும் ஆசிரியருக்குப் போய்ச் சேர்ந்தது. சம்பளமில்லாத இளம் விரிவுரையாளர்களின் பிழைப்பே அதுதான். மாணவர் ஊர் மாறினால் கட்டணமும் அவரோடு மாறியது. எந்த நிர்வாகமும் இன்னொரு நிர்வாகத்தோடு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கவில்லை.

பதிவும் மாணவரின் கையிலேயே இருந்தது. எடுத்த பாடங்களை எழுதிய பதிவேடு ஒன்று அவரிடம் இருக்கும். பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் ஆசிரியர் அதில் கையெழுத்திடுவார். பல்கலைக்கழகத்தை விட்டுப் போகும்போது ஒரு விலகல் சான்றிதழ் தருவார்கள். நம் டி.சி.யையும் நன்னடத்தைச் சான்றையும் ஒரே தாளில் அச்சடித்தது போன்ற ஆவணம் அது. கார்ல் மார்க்ஸின் சான்றிதழ்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. 1835இல் பான் நகரில் சேர்ந்து, அடுத்த ஆண்டே பெர்லினுக்கு மாறியவர் அவர். பான் சான்றிதழ் அவர் கேட்ட விரிவுரைகளைப் பட்டியலிட்டுவிட்டு, குடித்துக் கலாட்டா செய்ததற்காக ஒருநாள் காவலில் இருந்ததையும் குறிப்பிடுகிறது. 1841 மார்ச் 30 தேதியிட்ட பெர்லின் சான்றிதழில் கடன் பாக்கிக்காக அவர்மேல் வந்த புகார்கள் இடம்பெறுகின்றன. அந்தச் சான்றிதழையும் சேர்த்து ஆய்வேட்டை ஏப்ரல் 6 அன்று யேனா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். ஏப்ரல் 15 அன்று முனைவர் பட்டம் வந்துவிட்டது. யேனாவில் அவர் ஒரு வகுப்பில்கூட உட்கார்ந்ததில்லை.

இந்தத் தாராளம் ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் வட்டத்துக்குள் மட்டுமே செல்லுபடியானது. ஹார்வர்டில் முதுகலை முடித்த டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ், 1892இல் ஸ்லேட்டர் நிதியின் உதவியோடு பெர்லின் சென்றார். ஷ்மோலர், வாக்னர் ஆகியோரிடம் பொருளியல் படித்தார், ஆய்வேடும் எழுதினார். பட்டத்துக்கு விதிக்கப்பட்ட பருவங்களின் எண்ணிக்கை அவருக்கு நிரம்பவில்லை. ஆசிரியர்கள் பரிந்துரைத்தும் புலம் விதியைத் தளர்த்த மறுத்தது. நிதி அமைப்பும் கூடுதல் ஆண்டுக்குப் பணம் தரவில்லை. 1894இல் ஊர் திரும்பி, மறு ஆண்டு ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். ஹார்வர்டு அப்பட்டத்தைக் கறுப்பினத்தவர் ஒருவருக்கு அளித்தது அதுவே முதல் முறை. பெர்லினில் அவர் கற்றது அவர் எழுத்தில் ஆயுள் முழுவதும் தெரிந்தது. பெர்லினின் ஏட்டில் ஒரு பட்டமாக மட்டும் அது பதிவாகவில்லை.

அமெரிக்கப் பட்டங்களுக்கு ஐரோப்பாவில் மதிப்பு ஏற்படுத்த வேண்டும் என்ற கவலை 1900 பிப்ரவரியில் சிகாகோவில் 14 பல்கலைக்கழகங்களை ஒன்றுசேர்த்தது. அப்படிப் பிறந்த அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சங்கம், தொடக்க ஆண்டுக் கூட்டங்களிலேயே பட்ட மேற்படிப்பு மாணவர்கள் ஜெர்மன் பாணியில் இடம் மாறிப் படிப்பதைப் பற்றி விவாதித்தது. ஆனால் அமெரிக்க மண்ணில் அது வேர்பிடிக்கவில்லை. அங்கே கட்டணம் ஆசிரியருக்கு அல்ல, நிறுவனத்துக்குப் போனது. போதாக்குறைக்குப் படிப்பை மணி நேரத்தால் அளக்கும் முறையும் அதே காலத்தில் நிலைபெற்றது. ஹார்வர்டின் தலைவர் எலியட் பரப்பிய விருப்பப் பாட முறையும், 1906இல் கார்னகி அறக்கட்டளை வகுத்த அலகும் சேர்ந்து பாடத்தை எண்ணத்தக்க பொருளாக்கின. எண்ணத் தொடங்கியதும், வெளியே எண்ணியதை உள்ளே ஏற்பதா என்ற கேள்வி வந்தது.

மத்திய மேற்கின் தீர்வு

அதற்கு நடைமுறை விடை கண்டது கால்பந்தாட்டக் கூட்டணி ஒன்று. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலுள்ள 'பிக் டென்' என்ற விளையாட்டு அமைப்பின் பல்கலைக்கழகங்கள் 1958இல் கல்விக் கூட்டுறவுக் குழு ஒன்றை அமைத்தன. இந்தியானா பல்கலைக்கழகத்தின் ஹெர்மன் வெல்ஸ் இதில் முன்நின்றவர். விளையாட்டை விட்டு 1946இலேயே விலகிவிட்ட சிகாகோவும் கல்விக்காக மட்டும் இதில் சேர்ந்தது. இக்குழுவின் 'பயண அறிஞர்' திட்டம் 1963இல் தொடங்கியது. முனைவர் பட்ட மாணவர் இரண்டு செமஸ்டர் அல்லது மூன்று குவார்ட்டர் வரை இன்னொரு உறுப்புப் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். பதிவு தாய்ப் பல்கலைக்கழகத்தில், கட்டணமும் அங்கேயே. கிரெடிட் அங்கே தானாக ஏறும்.

இதன் நுட்பம், கணக்கைத் தீர்க்காமலே விட்டதில் இருக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் உள்ள மேடிசனிலிருந்து சிகாகோ வருபவர் அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் கட்டிவிட்டுத் தனியார் பல்கலைக்கழக வகுப்பில் உட்காருவார். சிகாகோவுக்கு அவரால் ஒரு டாலரும் வரவில்லை. நாளை தங்கள் மாணவர் சிலரும் அங்கே போவார்கள் என்ற நம்பிக்கையில் அப்படியே விட்டார்கள். போய்வருபவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் இருந்ததால்தான் இந்தப் பெருந்தன்மை கட்டுப்படியானது என்று எனக்குத் தோன்றுகிறது.

காலமும் கைகொடுத்தது. சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவிய அதிர்ச்சிக்குப் பிறகு 1958இல் வந்த தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், அமெரிக்காவில் அதுவரை அரிதாகவே கற்பிக்கப்பட்ட மொழிகளுக்குக் கூட்டாட்சி அரசின் பணத்தைத் திறந்துவிட்டது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எல்லா மொழிக்கும் ஆசிரியர் வைக்க முடியாது. தமிழ் நல்ல எடுத்துக்காட்டு: 1960களின் தொடக்கத்திலிருந்து ஏ. கே. ராமானுஜன் சிகாகோவில் இருந்தார். பத்தாண்டின் முடிவில் ஜார்ஜ் ஹார்ட் மேடிசனில் சேர்ந்தார். நாலைந்து மாணவர் உள்ள பாடத்துக்கு ஒவ்வொரு வளாகத்திலும் ஒரு பதவி உருவாக்குவதைவிட, மாணவரை அனுப்புவது மலிவு.

கலிஃபோர்னியாவில் ஸ்டான்போர்டும் பெர்க்லியும் இதே வழியைப் பின்பற்றின: தன் பல்கலைக்கழகத்தில் இல்லாத பாடத்தை மறுபக்கத்தில் எடுக்கலாம், கட்டணம் தாய்ப் பல்கலைக்கழகத்துக்கு. இரண்டுக்கும் இடையே சாலைவழி ஏறத்தாழ 65 கிலோமீட்டர்தான். தூரத்தைவிடக் கால அட்டவணை பெரிய தொல்லை. பெர்க்லி 1983இல் செமஸ்டர் முறைக்குத் திரும்பியது. ஸ்டான்போர்டு குவார்ட்டரிலேயே நின்றது. ஆகஸ்ட் பிற்பகுதியில் பெர்க்லி வகுப்பு தொடங்கும்போது ஸ்டான்போர்டு மாணவருக்குக் கோடை விடுமுறை முடிந்திருக்காது. செப்டம்பர் பிற்பகுதியில் ஸ்டான்போர்டு திறக்கும்போது பெர்க்லி மாணவர் தன் செமஸ்டரில் ஒரு மாதத்தைக் கடந்திருப்பார். திட்ட அறிக்கைகளில் இந்த ஒரு மாதம் தெரியாது. மாணவர் எந்தப் பாடத்தைக் கடைசியில் கைவிட்டார் என்பதில் தெரியும்.

ஓர் அலுவலக மறுப்பும் அதன் விளைவும்

ஐரோப்பாவில் கதை ஒரு பெண்ணின் கோபத்தில் தொடங்குகிறது. ரோமில் சட்டம் படித்த சோஃபியா கொர்ராடி, அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் 1957-58இல் நியூயார்க்கின் கொலம்பியாவில் சட்ட முதுகலை முடித்துத் திரும்பினார். ரோம் பல்கலைக்கழக அலுவலகம் அதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. ஊர் சுற்றிவிட்டு வந்தவர்போல் நடத்தி அனுப்பியது. 1969 முதல் பிற நாட்டில் படித்த பருவத்தை ஏற்க வேண்டும் என்று அவர் விடாமல் எழுதி வாதாடினார். ஐரோப்பிய நாடுகளுக்கிடையே மாணவர்களை அனுப்பும் எராஸ்மஸ் திட்டம் 1987 ஜூனில் முடிவானபோது முதல் ஆண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் சென்றார்கள். பணக் கணக்கில் அதன் விதி மத்திய மேற்கின் விதியேதான்: சென்ற இடத்தில் கல்விக் கட்டணம் இல்லை.

பாடக் கணக்கில் ஐரோப்பா மேலும் ஒரு படி போனது. 1989இல் சோதனையாகத் தொடங்கிய கிரெடிட் மாற்று முறை, முழுநேரப் படிப்பின் ஓராண்டுக்கு 60 என்று வைத்தது. 1997இன் லிஸ்பன் உடன்படிக்கை மெய்ப்பிக்கும் சுமையையே இடம் மாற்றியது. தான் படித்தது சமமானது என்று மாணவர் நிரூபிக்க வேண்டியதில்லை. ஏற்க மறுக்கும் நிறுவனம்தான் கணிசமான வேறுபாடு இருப்பதைக் காட்ட வேண்டும். பலரும் கொண்டாடும் 1999இன் பொலோன்யா அறிக்கையைவிட, இந்த ஒரு விதி மாணவருக்குச் செய்த நன்மை அதிகம் என்பது என் மதிப்பீடு.

இந்தியாவின் முயற்சி

மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் தோன்றிய சென்னை ஐஐடியில், படிப்பின் ஒரு பகுதியை ஜெர்மனியில் முடிக்கும் 'சாண்ட்விச்' திட்டங்கள் முதுநிலை மாணவருக்குப் பழக்கமானவை. உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு இடையேதான் நெடுங்காலம் வழி இல்லாமல் இருந்தது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, பல்கலைக்கழக மானியக் குழு 2021 ஜூலையில் கிரெடிட் வங்கிக்கான விதிகளை வெளியிட்டது. சேமித்த கிரெடிட் அதிகபட்சம் ஏழு ஆண்டு செல்லும். பட்டம் தரும் நிறுவனத்தில் குறைந்தது பாதியைப் படித்திருக்க வேண்டும்.

அமெரிக்க அனுபவத்தோடு ஒப்பிட்டால் இங்கே வரிசை தலைகீழாக இருக்கிறது. அங்கே டீன்கள் முதலில் கட்டணத்தையும் இடத்தையும் பேசி முடித்தார்கள்; ஏட்டில் பதிவது அதன் பின்னாலே வந்தது. இங்கே ஏடு தயாராகிவிட்டது. சென்னையில் வரலாறு முதுகலை படிப்பவர் பாரசீக ஆவணங்களைப் படிக்கக் கற்றுக்கொள்ள ஒரு பருவம் ஹைதராபாத் போக விரும்பினால், அங்கே வகுப்பில் இடம் தருவது யார், கட்டணம் எந்த ஊரில் கட்டுவது, விடுதிக்கு என்ன செய்வது என்பதை அந்த இரண்டு பல்கலைக்கழகங்கள்தான் உட்கார்ந்து பேசி எழுத்தில் கொண்டுவர வேண்டும். கிரெடிட் வங்கி அதைச் செய்யாது.