இழுத்து நிறுத்தும் வடம்

வடம் என்ற அளவில் நமக்குத் தேர் நினைவுக்கு வரும். தேரை நகர்த்துவது வடம். நிறுத்துவது சக்கரத்தின் கீழ் இடப்படும் முட்டுக்கட்டை. காரிலோ நிறுத்தி வைப்பதே வடத்தின் தொழில். கைப்பிடியை உயர்த்தினால், வண்டியின் அடியில் ஓடும் எஃகு வடம் பின்சக்கரத் தடைகளை இறுக்குகிறது. பட்டறைக்காரர் இதனை ஹேண்ட்பிரேக் கேபிள் என்பர். நாம் கைத்தடை வடம் என்போம்.

முறுக்கிய கம்பிவடம் சுரங்கத்திற்காகப் பிறந்தது. 1834இல் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்பார் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களுக்காக அதனை ஆக்கினார். ஆயினும் வடம் வளைந்து செல்ல வழியெல்லாம் கப்பி வேண்டியிருந்தது. இக்குறையைப் போக்கிய அமைப்பிற்கு எர்னஸ்ட் பௌடன் 1896இல் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். சுருட்கம்பியாலான உறைக்குள் வடம் ஓடும். உறையின் இரு முனைகளும் அசையாதிருந்தால், இடையில் அது வளைந்து கிடப்பினும் இழுப்பு மறுமுனையைச் சேரும். வகுப்பில் இதனை விளக்கக் கார் வேண்டுவதில்லை. மாணவன் ஒருவனின் சைக்கிள் போதும்.

காலால் மிதிக்கும் தடை இருக்கக் கைத்தடை எதற்கு? ஒன்று பழுதாயினும் மற்றொன்று காக்க வேண்டும் என்பதே விடை. ஒன்றையொன்று சாராத இரு தடைகள் காருக்கு வேண்டும் என 1904ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் ஆணை விதித்தது. 1921இல் அமெரிக்க டியூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தடையைக் கொண்டுவந்தது. எண்ணெய் கசிந்தால் கால்தடை தளரும். வடத்திற்கு அக்கவலை இல்லை. 1948இல் வெளிவந்து மலாயாச் சாலைகளிலும் ஓடிய மோரிஸ் மைனரை மூத்தோர் மறந்திரார். அதிற் கால்தடைக்கு எண்ணெய். கைத்தடைக்கு இரு வடங்கள்.

வடமுள்ள கார்கள் பின்னர் நம் பள்ளத்தாக்கிலேயே உருவாயின. ஷா ஆலம் பத்து தீகாவில் 1967 முதல் வால்வோ கார்கள் பொருத்தப்பட்டன. 1985இல் ஷா ஆலமிலேயே புரோட்டோன் சாகா பிறந்தது. ஆனால் நம் மழையும் கிள்ளானின் கடற்காற்றும் வடத்திற்குப் பகை. உறை கிழிந்த இடத்தில் நீர் புகும். துரு வடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்போது கைப்பிடியைத் தாழ்த்தினும் சக்கரம் விடுபடாது. இழை அறுந்த வடமோ மேட்டில் நிற்கும் காரை எந்த நொடியும் உருளவிடும். கீழே யார் விளையாடுகிறார் என்று அது பாராது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி மீண்ட கார்களில் இருக்கையைக் காயவைத்தவர் பலர். வடத்தின் உறைக்குள் சேறு உண்டா எனப் பார்த்தவர் எத்தனை பேர்?

வடம் மாற்றுவோர் காரைச் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இடுதல் வேண்டும். பிடித்துநிறுத்தும் கருவியையே கழற்றுகையில் தேர்க்காரரின் பழைய உத்தியே துணை! புதிய வடம் பழைய வழியே செல்ல வேண்டும். சூடான புகைக்குழாயைத் தொடலாகாது. தேய்ந்த பிரேக் கட்டைகளைச் சரிசெய்யாமல் வடத்தை மட்டும் முறுக்குவது பட்டறைகளில் நான் கண்ட பெருந்தவறு. கட்டையைச் சரிசெய்த பின்னரே வடம். கைப்பிடி தாழ்ந்திருக்கையில் சக்கரம் தடையின்றிச் சுழலுதல் வேண்டும். புதுவடம் சில நாளில் சற்றுத் தளரும். மீண்டும் ஒருமுறை இறுக்கிக்கொள்ளலாம்.

இன்று பொத்தானை அழுத்தினால் மின்பொறி தடையை இறுக்குகிறது. ஆயினும் முதலில் வந்த அத்தகைய கார்கள் சிலவற்றில் அம்மின்பொறி இழுத்ததும் பௌடனின் வடத்தையே.