சீட்டு, பதிவேடு, உடல்

சாயர்புரத்து நெடுநாள் நோயாளி ஒருவரின் நோய் வரலாறு ஒரே இடத்தில் கிடைக்காது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு, தூத்துக்குடி பெரியாஸ்பத்திரியில் ஒன்று, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இன்னொன்று. புற்றுநோய் என்றால் நெய்யூர், திருவனந்தபுரம் வரை. ஒன்றில் ஞானஸ்நானப் பெயர், மற்றதில் கூப்பிடுகிற பெயர். ஓர் ஆள் காகிதத்தில் நாலு ஆளாகிவிடுகிறார். இந்த நாலு பேரை மறுபடி ஒருவராக்குவது யார், எதற்காக?

நோயாளியை எண்ணுவது இங்கே அவர் நலனுக்காகத் தொடங்கவில்லை. 1872 முதல் 1931 வரை காலனியக் குடிக்கணக்கு தொழுநோயாளர், பார்வையற்றோர், மனநோயாளர் என்று தனித்தனியே எண்ணியது. ஆதரவற்ற தொழுநோயாளரைப் பிடித்து அடைத்துவைக்க 1898ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. அச்சட்டம் நீங்கியது 2016இல்தான். பூக்கோவைப் படித்தவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்: பதிவேடு என்றால் கண்காணிப்பு. ஆனால் கதை அவ்வளவு லேசானதில்லை.

1982இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தில் சென்னைக்கான மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியது. நோயை அறிவிக்கும் சட்டக் கடமை ஆஸ்பத்திரிகளுக்கு அப்போது இல்லை. எனவே பதிவேட்டு ஊழியர்களே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் எழுதி எடுத்தார்கள். மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளோடு பெயர், வயது, முகவரி வைத்து ஒப்பிட்டார்கள். ஆஸ்பத்திரி ஏட்டில் அகப்படாதவர் சாவு ஏட்டில் அகப்பட்டார்.

சாவு ஏடும் ஊமைதான். 1995-97இல் சென்னையில் இறந்த 48,000 பெரியவர்களின் வீடுகளுக்குப் போய், கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று வேந்தன் கஜலட்சுமி குழுவினர் விசாரித்தார்கள். 25-69 வயதினரில் காரணம் தெளிவில்லாத சாவுகள் 37 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்தன. வீட்டுப் பெண்கள் வாய்விட்டுச் சொன்னதும் மருத்துவச் சான்றாயிற்று. நகரமும் கிராமமும் சேர்ந்த இன்னோர் ஆய்வு 43,000 ஆண்களின் சாவுகளை எடுத்துக்கொண்டது. அவ்வயது ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் ஏறத்தாழப் பாதிக்குப் புகைபிடித்தலே காரணம் என்று 2003இல் அது சொன்னது. ஒரே ஒரு ஏட்டை வைத்து இதைக் கண்டிருக்க முடியாது.

இனி நம் கரைக்கு வருவோம். 1996இல் தூத்துக்குடியில் தாமிர ஆலை இயங்கத் தொடங்கியது. மூச்சு முட்டுது, கேன்சர் வருது என்று மக்கள் சொன்னபோதெல்லாம் கிடைத்த பதில் 'ஆதாரம் எங்கே?' என்பதுதான். ஆலையைச் சுற்றி 5 கி.மீ. வட்டத்தில் 80,000க்கும் மேற்பட்டோரிடம் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி நடத்திய ஆய்வு, மூச்சுநோய்கள் மிகுதி என்றது. அது ஒரு காலத்துப் படம். ஆலைக்கு முன், பின் என்று ஒப்பிட ஆண்டுக்கணக்காகத் தொடரும் ஏடு வேண்டும். 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்த பிறகே ஆலையை நிரந்தரமாக மூட உத்தரவு வந்தது. ஆதாரம் இல்லை என்பதும் ஆதாரத்தைச் சேர்க்கவில்லை என்பதும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தை மறைப்பதில்தான் அதிகாரம் வேலை செய்கிறது.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு தேடி வந்து சர்க்கரை, ரத்தக் கொதிப்பைப் பதிகிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் இறப்புப் பதிவேடு இருக்கிறது. இவற்றை இணைப்பது தொழில்நுட்பத்துக்குப் பெரிய காரியமில்லை. இணைந்த ஏட்டை யார் வாசிப்பது என்பதே அரசியல். காப்பீட்டுக் கம்பெனி வாசித்தால் அது வேறு ஏடு. பெயர் நீக்கிய கணக்கு கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். தன் பதிவை நோயாளி பார்க்கவும் திருத்தவும் உரிமை வேண்டும். ஏடே வேண்டாம் என்பதைவிட இந்தக் கோரிக்கைதான் நமக்கு உதவும்.