பொதுச் சுவர்களுக்கு இடையே ஒளி: ஜான் ஸோனின் லண்டன் இல்லம்

லண்டன் மாநகரில் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் என்னும் சதுக்கத்தின் வடபுறத்தில், 12, 13, 14 என்னும் இலக்கங்களைத் தாங்கி அடுத்தடுத்து நிற்கும் மூன்று வீடுகளையும் 1792 முதல் 1824 வரை ஒவ்வொன்றாக வாங்கிப் புதிதாக நிர்மாணித்த கட்டடக் கலைஞர் ஸர் ஜான் ஸோனைப் பற்றி எழுதுவோர், அவ்வில்லத்தின் விசித்திரமான உள்ளமைப்பை அவருடைய சுபாவத்தின் பிரதிபிம்பமாகவே பெரும்பாலும் கருதி வந்திருக்கின்றனர். 1815இல் மனைவியை இழந்த துயரமும், புதல்வருடன் மூண்ட தீராப் பகையும், பழம்பொருள்கள்மீது கொண்ட அடங்கா மோகமுமே அங்குள்ள இருண்ட வழிகளுக்கும் எதிர்பாராத ஒளிவீச்சுகளுக்கும் காரணம் என்பது அவர்கள் கொள்கை. கால வரிசையை நோக்கின் இக்கொள்கை நிலைபெறாது. 13ஆம் இலக்க வீட்டை 1807இல் வாங்கிய ஸோன், அதன் பின்புறத்தில் கூரைவழி ஒளி பெறும் விமான மண்டபத்தை 1808-09இலேயே எழுப்பிவிட்டார்; புகழ்பெற்ற காலையுணவு அறையும் 1812-13இல் உருவாயிற்று. துயரம் வருவதற்கு முன்பே கலை முதிர்ந்துவிட்டது. ஆகவே அதன் மூலகாரணத்தை மனிதரின் சோகத்தில் தேடுவதைவிட, அவர் கட்டிய மனையின் இயல்பில் தேடுவதே முறை என்பது இக்கட்டுரையின் வாதம்.

லண்டன் வரிசை வீடு, தெருவை நோக்கிக் குறுகிய முகமும் பின்னோக்கி நீண்ட உடலும் உடையது. இருபக்கமும் அயல்வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் பொதுச் சுவர்கள் எழுந்து நிற்பதால், தெருப்புறமும் கொல்லைப்புறமும் தவிர வேறு எத்திசையிலிருந்தும் அதற்கு வெளிச்சம் கிட்டாது. 1666ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பிறகு பிறந்த 1667ஆம் ஆண்டுச் சட்டம், வீடுகளைச் செங்கல்லாலோ கல்லாலோ மட்டுமே கட்ட வேண்டும் என்று விதித்து, வீட்டின் தரத்திற்கேற்பச் சுவர்களின் கனத்தையும் நிர்ணயித்தது. ஜன்னல் சட்டங்கள் சுவரின் வெளிமுகத்திலிருந்து 4 அங்குலம் உள்வாங்கி நிற்க வேண்டும் என்று 1709ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிட்டது. இவற்றையெல்லாம் தொகுத்து இன்னும் கடுமையாக்கிய 1774ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டத்தின் பின்னர், தெருமுகத்தில் கட்டடக் கலைஞருக்கு எஞ்சிய சுதந்திரம் மிகச் சொற்பம். ஜார்ஜிய காலத்து லண்டன் வீடுகளின் அடக்கமான தோற்றத்தில் ரசனைக்குப் பங்கு உண்டெனினும், நெருப்பச்சத்திற்கும் நிலக் குத்தகைக்கும் உள்ள பங்கு அதனினும் பெரிது.

இந்த 1774ஆம் ஆண்டுச் சட்டத்தை வகுத்தவர்கள் கட்டடக் கலைஞர்களான ஸர் ராபர்ட் டெய்லரும், இளைய ஜார்ஜ் டான்ஸும் ஆவர். செங்கற் கொத்தனாரின் மகனாகிய ஸோன், தமது பதினைந்தாவது வயதில், 1768இல், தொழில் பயிலச் சேர்ந்தது இந்த டான்ஸிடமே என்பது கருதத்தக்கது. சட்டத்தின் நிர்ப்பந்தம், அதற்குள்ளிருந்து வெளியேறும் உபாயம் ஆகிய இரண்டையும் ஒரே ஆசானிடமிருந்து அவர் பெற்றார். ஏனெனில் நான்கு மூலைகளிலிருந்து எழுந்து, விரித்துப் பிடித்த துணிபோல் மெல்லிதாகக் கவியும் விதானத்தை லண்டன் கில்டு மண்டபத்தின் ஆலோசனைச் சபை அறையில் முன்னரே அமைத்துக் காட்டியவர் டான்ஸ்.

அவ்விதானம் ஸோனின் கையில் எய்திய பக்குவத்தைக் காலையுணவு அறையில் காண்கிறோம். வீட்டின் நடுவே அமைந்த அவ்வறைக்கு உள்முற்றத்தை நோக்கிய சாளரம் உண்டெனினும், அதன் அழகு மேலிருந்தே இறங்குகிறது. மெல்லிய தூண்களின்மீது நான்கு வளைவுகள் எழ, அவற்றின்மேல் ஆழமற்ற கவிகை ஒன்று அமர்ந்திருக்கிறது; அதன் உச்சியில் எண்கோண ஒளிக்கூண்டு ஒன்று உண்டு. நுட்பம் இதனினும் அப்பால் உள்ளது. வடக்கிலும் தெற்கிலும் இக்கவிகை சுவரைத் தொடாமலே நின்றுவிட, இடைவெளியின் உயரத்தில் மறைந்துள்ள கூரைக் கண்ணாடிகளிலிருந்து வெளிச்சம் சுவரை நனைத்தவாறு வழிகிறது. நடுவில் நிற்பவருக்கு வெளிச்சம் தெரியுமேயன்றி, அது புறப்படும் இடம் தெரியாது. சுவர் விளக்கமுறுவதால் அறையின் எல்லை விலகிச் சென்றதுபோல் தோன்றுகிறது. கவிகையின் மூலைகளில் பதித்த குவி கண்ணாடிகள் அறை முழுவதையும் சுருக்கித் தம்முள் ஏந்தி அந்தத் தோற்றத்தைப் பெருக்குகின்றன. பக்கவாட்டில் ஓரடிகூட விரிய இயலாத மனைக்குள், விரிந்தது என்ற அனுபவத்தை ஒளியைக்கொண்டே படைத்துவிட்டார்.

பின்புற விமான மண்டபத்தில் இத்தத்துவம் செங்குத்தாகச் செயற்படுகிறது. கூரைக் கண்ணாடியின் ஒளி தளத்தோடு நின்றுவிடாமல், தளத்தைத் திறந்து நிலவறை வரை இறங்கி, 1824இல் 2,000 பவுன் கொடுத்து அவர் வாங்கிய எகிப்திய மன்னர் முதலாம் ஸேத்தியின் கற்பேழையை எட்டுகிறது. அதே ஆண்டில் 14ஆம் இலக்க மனையின் பின்பகுதியில் எழுந்த சித்திர அறையோ, 13 அடி 8 அங்குல நீளமும் 12 அடி 4 அங்குல அகலமுமே உடையது. எனினும் கதவுகளைப்போல் கீலில் திறக்கும் பலகைச் சுவர்களால், ஓவியர் ஹோகார்த்தின் இரு சித்திரத் தொடர்கள் உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்ட படங்களை அது தாங்குகிறது. தென்புறப் பலகைகளைத் திறந்தால், ஒளி நிறைந்த மாடமும் அதன்கீழ் மற்றொரு தளமும் வெளிப்படுகின்றன.

தெருமுகத்திலும் ஸோன் சட்டத்தின் விளிம்புவரை சென்றார். 13ஆம் இலக்க வீட்டின் முன்னே போர்ட்லாந்துக் கல்லாலான முகமண்டபம் ஒன்றை அயல்வீடுகளின் வரிசையைக் கடந்து நீட்டியபோது, அது 1774ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு விரோதமானது என்று வட்டாரக் கட்டட மேற்பார்வையாளர் வழக்குத் தொடுத்தார். வழக்கில் வென்றவர் ஸோன். தம் ஆசான் வகுத்த விதியின் எல்லையை மாணவரே நியாயஸ்தலத்தில் சோதித்துப் பார்த்த இந்நிகழ்ச்சி, விதியை அவர் எவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தார் என்பதற்குச் சான்று.

மூன்று மனைகளை விலைக்கு வாங்கும் செல்வம் படைத்தவருக்கு நெருக்கடி ஏது என்று ஆட்சேபிக்கலாம். இங்கிலாந்து வங்கியின் கட்டடக் கலைஞராக 1788 முதல் விளங்கிய ஸோன் செல்வந்தரே. ஆனால் அச்செல்வத்தை அவர் செலவிட்ட விதமே நமக்கு ஆதாரம். மூன்றையும் இடித்து ஒரே மாளிகையாக்காமல், வரிசை வீட்டின் முறைமையை முன்புறத்தில் காத்து, 14ஆம் இலக்கத்தின் முன்வீட்டை வாடகைக்கு விட்டுப் பின்பகுதியை மட்டும் தம் இல்லத்தோடு இணைத்துக்கொண்டார். பணத்தால் விலக்கிவிடக்கூடிய வரம்பை விலக்காமல், அதனோடு வாதாடவே அவர் விரும்பினார்.

1833இல் நிறைவேறிய தனிப்பட்ட நாடாளுமன்றச் சட்டத்தின்படி, 1837இல் அவர் மறைந்தபோது இருந்த நிலையிலேயே கூடுமானவரை இவ்வில்லம் காக்கப்பட்டு வருகிறது. ஆதலால் இங்கு சென்று பயிலும் வாய்ப்புப் பெற்ற கட்டடக்கலை மாணவர்கள், அரும்பொருள்களில் மனத்தைப் பறிகொடுக்கும் முன்னர், எந்தச் சுவர் அயலாருக்கும் பொதுவானது, எந்த இடத்தில் ஒளி நுழைய வழியில்லை என்பவற்றை வரைபடத்தில் முதலில் குறித்துக்கொள்வார்களாக. ஸோனின் மேதைமைக்கு அதைவிடச் சிறந்த விளக்கவுரை வேறில்லை.