தேரை விட்டு இறங்கிய நீதி

அநுராதபுரத்திலிருந்து 44 ஆண்டுகள் அரசோச்சிய எல்லாளனைப் பற்றி மகாவம்சம் கூறும் கதைகளுள் யாவரும் அறிந்தது ஆராய்ச்சி மணியின் கதையே. மன்னனின் படுக்கைத் தலைமாட்டிலே மணி தொங்கிற்று. நீதி வேண்டுவோர் இழுக்கத்தக்கதாக அதற்கு நெடுங்கயிறு கட்டப்பட்டிருந்தது. கன்றை இழந்த பசு அக்கயிற்றை இழுத்தது. தேரோட்டிச் சென்ற இளவரசன் தண்டிக்கப்பட்டான்.

அதே நூலில் அவ்வளவாகப் பேசப்படாத செய்தி இன்னொன்றுண்டு. மன்னன் தேரேறிச் சென்றபோது நுகத்தடியின் முனை பட்டுப் புத்த தூபியொன்று சிதைந்தது. "மன்னா, தூபி தங்களாற் சிதைந்தது" என அமைச்சர் முகத்துக்கு நேரே கூறினர். அறியாது நேர்ந்த செயலே அது. ஆயினும் எல்லாளன் தேரை விட்டுக் குதித்திறங்கி, வழியிலே விழுந்து, தன் தலையையும் சக்கரத்தால் துணிக்குமாறு வேண்டினான். அமைச்சர் அவனைத் தேற்ற, பெயர்ந்த 15 கற்களையும் மீண்டும் பதிப்பிக்க 15,000 ககாபணம் செலவிட்டான்.

தன்மேல் முறைப்பாடு வந்தவுடன் அவன் முதலிற் செய்த காரியம் தேரை விட்டு இறங்கியதேயாகும். நீதி வழங்குவோன்மீதே குற்றம் சாற்றப்படும்போது மக்கள் எதை நோக்குகின்றனர் என்பதற்கு இச்செய்தி நல்லதோர் உரைகல். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகலாகாது என்பது ஆங்கிலச் சட்டத்திலும் பழைய விதி. 1852இல், பிரபுக்கள் சபை நீதிபதியான கொட்டன்ஹாம் பிரபுவின் தீர்ப்பொன்றையே அவ்விதி தள்ளச் செய்தது. வழக்காடிய கால்வாய்க் கம்பனியில் அவருக்குப் பங்குகள் இருந்தன. அவர் பக்கஞ் சாய்ந்தாரென எவரும் கூறவில்லை. சாயக்கூடுமென்ற ஐயத்துக்கு இடமிருந்ததே போதுமாயிற்று.

பணியிடத்திலே பெண்ணுக்கு இழைக்கப்படும் பாலியல் தொந்தரவு பற்றிய முறைப்பாடு ஒரு நீதிபதிமேல் எழுந்து உலகின் செவியில் விழுந்தது 1991ஆம் ஆண்டிலாகும். அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் நியமிக்க முன்வந்த கிளாரன்ஸ் தோமஸ், தம்மிடம் பணியாற்றியபோது தகாத முறையிற் பேசினாரெனச் சட்டப் பேராசிரியை அனிதா ஹில் கூறினார். 1980களின் தொடக்கத்தில் நடந்ததாகக் கூறப்பட்டவை அவை. தோமஸ் யாவற்றையும் மறுத்தார். ஒக்டோபர் 11ஆம் நாள் ஹில் சாட்சியமளித்தபோது விசாரித்த செனற் குழுவின் 14 உறுப்பினரும் ஆடவரே, வெள்ளையரே. நான்கு நாள் கழித்து 52க்கு 48 என்ற வாக்குகளால் நியமனம் உறுதியாயிற்று.

அன்று எங்கும் எழுந்த கேள்வி ஒன்றே: பத்தாண்டு வாய் மூடியிருந்தவர் இப்போது ஏன் பேசுகிறார்? அவ்வேளையில் எடுத்த கருத்துக் கணிப்புகளில் தோமஸை நம்பியோரே மிகுதி. ஓராண்டு கழிந்தபோது அந்நிலை மாறி, ஹில்லை நம்புவோர் தொகை உயர்ந்திருந்தது. புதிய சான்று ஏதும் நீதிமன்றத்தில் வைக்கப்பட்டதனால் விளைந்த மாற்றமன்று அது. விசாரணை நடந்த விதத்தை மக்கள் தொலைக்காட்சியிற் கண்டிருந்தனர். பெண்கள் பலர் தத்தம் பணியிட அனுபவங்களைப் பேசத் தொடங்கியிருந்தனர். 1992 நவம்பர்த் தேர்தலில் புதிதாக நான்கு பெண்கள் செனற் சபைக்குத் தெரிவாயினர்.

இந்தியாவிலே பணியிடத் தொந்தரவுக்கெதிரான நெறிகளை முதலில் வகுத்தது உச்ச நீதிமன்றமே. 1997இல் விசாகா வழக்கில் அது பிறப்பித்த நெறிகள் 2013இற் சட்டமாயின. அதே 2013இல், ஓய்வுபெற்ற நீதியரசர் ஏ. கே. கங்குலிமேல் சட்ட மாணவியாகப் பயிற்சி பெற்ற ஒருவர் முறைப்பாடு கூறினார். கங்குலி மறுத்தார். மூன்று நீதியரசர் கொண்ட குழு, மாணவியின் வாக்குமூலம் விரும்பத்தகாத நடத்தையை முதற்பார்வையிற் காட்டுவதாகக் கண்டது. 2014 ஜனவரியில் அவர் மேற்கு வங்க மனித உரிமை ஆணையத் தலைமையைத் துறந்தார்.

இதனினும் பெரிய சோதனை 2019இல் வந்தது. நீதிமன்ற முன்னாள் உதவியாளரான பெண்ணொருவர், 2018 ஒக்டோபரில் நடந்ததாகக் கூறித் தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய்மேல் சத்தியக் கடதாசி ஒன்றை 22 நீதியரசர்களுக்கும் அனுப்பினார். ஏப்ரில் 20, சனிக்கிழமை, அவசர அமர்வு கூடிற்று. அவ்வமர்வுக்குத் தலைமை தாங்கியவர் கோகோயே. குற்றச்சாட்டை மறுத்த அவர், நீதித்துறையின் சுதந்திரம் ஆபத்துக்குள்ளாகியிருப்பதாகக் கூறினார்.

பின்னர் நீதியரசர் போப்டே தலைமையில் உள்விசாரணைக் குழு அமைந்தது. தம்முடன் சட்டத்தரணி இருக்க அனுமதியில்லை என்பது முதலிய காரணங்கூறி முறைப்பாட்டாளர் இடையில் விலகினார். மே 6ஆம் நாள், குற்றச்சாட்டில் உண்மையான ஆதாரமில்லையெனக் குழு அறிவித்தது, அறிக்கை வெளியிடப்படவில்லை. மறுநாள் நீதிமன்றத்தின் முன் பெண் வழக்கறிஞரும் பிறரும் எதிர்ப்புக் காட்ட, பொலிசார் அவர்களைத் தடுத்து வைத்தனர். 2020 ஜனவரியில் அப்பெண் மீண்டும் பணியிற் சேர்க்கப்பட்ட செய்தி வந்தது. 2021 டிசம்பரில், தம் சுயசரிதை வெளியானபோது, அந்த அமர்வில் தாம் இருந்திருக்கலாகாது எனக் கோகோயே ஒப்புக்கொண்டார்.

குழு கண்ட முடிவு சரியானதாகவே இருக்கலாம். குற்றஞ் சாற்றப்படுவதனாலேயே ஒருவர் குற்றவாளியாகிவிடார். ஆயினும் காரணங்கள் மூடிய உறையுள் இருந்தமையால் முறைப்பாட்டாளருக்கு நிறைவில்லை. குற்றஞ் சாற்றப்பட்டவரின் பெயரும் முழுமையாகத் துலங்கவில்லை.

நீதித்துறையின் சுதந்திரம் பற்றிய அச்சம் வெறும் போலியன்று. அதனைக் கொழும்பு நன்கறியும். 2013 ஜனவரியிற் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க பாராளுமன்றத்தின் வழியாக நீக்கப்பட்டபோது, புதுக்கடை நீதிமன்றச் சட்டத்தரணிகள் கிளர்ந்தெழுந்தனர். அவர்மேற் சாற்றப்பட்டவை வேறுவகைக் குற்றங்கள். எனினும் நீதிபதியை விசாரிக்கும் பொறுப்பு அரசியலாளர் கைக்குச் சென்றால் விளைவது யாது என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. ஆகவே வேண்டுவது அரசியலாளரின் விசாரணையுமன்று, சகநீதிபதிகளின் மூடிய அறையுமன்று. இரண்டுக்கும் புறம்பான, காரணங்களை வெளியிடும் ஒரு மன்றமேயாகும்.

இலங்கையிலே 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவைத் திருத்திப் பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கிற்று. பணியிடத்தில் அதிகாரமுடையோர் சொல்லாலோ செயலாலோ செய்யும் விரும்பத்தகாத பாலியல் அணுகுதலும் அதனுள் அடங்கும். ஐந்தாண்டு வரை சிறை விதிக்கலாம். ஆயினும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருந்து விடியற்காலையிற் பஸ் ஏறிக் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் உள்ள கந்தோர்களுக்குச் செல்லும் பெண்ணொருத்திக்குச் சட்டம் இருப்பது மட்டும் போதாது. மாதச் சம்பளம், அடுத்த வேலைக்கு வேண்டிய நற்சான்றுப் பத்திரம், தங்கையின் திருமணப் பேச்சு, அயலாரின் வாய் ஆகிய யாவும் அவள் நாவைக் கட்டுவன. "அன்றே ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. காலந்தாழ்த்திச் சொன்னமையால் ஒரு சொல் பொய்யாகிவிடாது. சொல்லப்பட்டமையால் மட்டும் மெய்யாகியும் விடாது. இரண்டையும் பிரித்தறிவதற்கே விசாரணை வேண்டும்.

கயிறு வாயிலிலே தொங்குவது நீதியின் ஒரு பாதி. மணி தன்மீதே ஒலிக்கும்போது மன்னன் தேரை விட்டு இறங்குவது மறு பாதி. முதற்பாதிக்குச் சட்டங்கள் வந்துவிட்டன. மறு பாதிக்குத் தக்கதோர் ஏற்பாடு வேண்டும்.