கைவினைப் பொருள் செய்து பகுதி நேர வருமானம்: இலவசமாக எங்கே கற்கலாம்? விலை வைப்பது எப்படி?

"நல்லா இருக்கே, எனக்கும் ஒண்ணு செஞ்சு தர்றீங்களா?" வீட்டில் இருந்தபடி கைவினைப் பொருள் விற்கும் பலருக்கும் தொழில் தொடங்கியது இந்த ஒரு கேள்வியில்தான். பட்டு நூல் வளையல், டெரகோட்டா நகை, குரோஷே பொம்மை, ஆரத்தித் தட்டு, கொலுவுக்கான ரிட்டர்ன் கிஃப்ட் என்று ஆர்டர்கள் வரத் தொடங்கும். ஆனால் ஆறு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தால், விற்றது நிறைய, கையில் நின்றது கொஞ்சம் என்ற நிலைதான் பல வீடுகளில். காரணம் என்ன? கற்பது முதல் விற்பது வரை கவனிக்க வேண்டியவை இதோ.

இலவசமாக எங்கே கற்கலாம்?

யூடியூபில் தமிழிலேயே ஆயிரக்கணக்கான செய்முறை வீடியோக்கள் உள்ளன. குரோஷே, கம்பளிப் பின்னல் செய்பவர்கள் ராவெல்ரி இணையதளத்தில் இலவச பேட்டர்ன்களை மட்டும் தனியாகப் பிரித்துத் தேடலாம். குழந்தைகளுக்கான எளிய பொம்மைகள் என்றால், பத்மஸ்ரீ விருது பெற்ற அரவிந்த் குப்தாவின் இணையதளத்தில் பழைய பேப்பர், தீக்குச்சி, பாட்டில் மூடி ஆகியவற்றை வைத்துச் செய்யும் ஏராளமான செய்முறைகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

நேரில் கற்க விரும்புபவர்களுக்கு ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் உள்ளன. மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் ஆதரவுடன் வங்கிகள் இவற்றை மாவட்டங்களில் நடத்துகின்றன. செயற்கை நகை தயாரிப்பு, சணல் பொருட்கள், தையல், எம்பிராய்டரி போன்ற பயிற்சிகள் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை நடக்கும். கட்டணம் கிடையாது. உணவும் இலவசம். கிராமப்புறங்களைச் சேர்ந்த, 18 வயது நிரம்பியவர்களுக்கே முன்னுரிமை. உங்கள் மாவட்டத்தில் அடுத்த பயிற்சி எப்போது என்பதை முன்னோடி வங்கிக் கிளையில் கேட்டால் சொல்வார்கள்.

இலவச டிசைன் என்றால் அதைச் செய்து விற்கலாமா?

இங்குதான் பலர் சறுக்குகிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் பல பேட்டர்ன்களில் 'சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற நிபந்தனை இருக்கும். அப்படி இருந்தால் செய்து பழகலாம், வீட்டில் வைத்துக்கொள்ளலாம், விற்கக் கூடாது. பிரபல கார்ட்டூன் கதாபாத்திரங்களைப் பொம்மையாகவோ கீ செயினாகவோ செய்து விற்பதும் பதிப்புரிமை, வணிக முத்திரை சிக்கலில் கொண்டுபோய் விடும்.

பெயரிலும் கவனம் தேவை. தஞ்சாவூர் ஓவியம், பத்தமடை பாய், தோடா எம்பிராய்டரி ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. வேறு இடத்தில், வேறு முறையில் செய்த பொருளை அந்தப் பெயரில் விற்க முடியாது. செய்முறையைக் கற்றுக்கொண்டு, நிறத்தையும் வடிவத்தையும் நீங்களே மாற்றி உருவாக்குவதே பாதுகாப்பான வழி.

விலை வைப்பது எப்படி?

உதாரணத்துக்கு, 6 பட்டு நூல் வளையல்கள் கொண்ட ஒரு செட்டை எடுத்துக்கொள்வோம். வெறும் வளையல், நூல், பசை, குந்தன் கல் எல்லாம் சேர்த்து 90 ரூபாய். டப்பா 15 ரூபாய். ஆக மொத்தம் 105 ரூபாய். இதை 200 ரூபாய்க்கு விற்றால் 95 ரூபாய் லாபம் என்றுதான் தோன்றும்.

ஆனால் அந்த செட்டைச் செய்ய இரண்டரை மணி நேரம் ஆனது என்றால், ஒரு மணி நேர உழைப்புக்குக் கிடைத்தது 38 ரூபாய்தான். கடைக்குப் போய் நூல் வாங்கிய நேரம், "இந்த கலர்ல இருக்கா?" என்ற வாட்ஸ்அப் கேள்விகளுக்குப் பதில் சொன்ன நேரம் இதில் சேரவே இல்லை.

சரியான கணக்கு இப்படி இருக்க வேண்டும். பொருள் செலவு 105. மணிக்கு 70 ரூபாய் கூலி வீதம் இரண்டரை மணி நேரத்துக்கு 175. இரண்டும் சேர்ந்து 280. உடைவது, வீணாவது, போன் ரீசார்ஜ் ஆகியவற்றுக்கு 10 சதவீதம், அதாவது 28. மொத்தம் 308, விலையை 310 ரூபாய் என்று வைக்கலாம். ஒரு கடையில் கொடுத்து விற்கும்போது அவர்கள் 20 சதவீதம் கமிஷன் எடுத்தால், கைக்கு வருவது 248 ரூபாய்தான். கமிஷனையும் கணக்கில் கொண்டுதான் விலையை முடிவு செய்ய வேண்டும்.

310 ரூபாய்க்கு யாரும் வாங்கவில்லை என்றால்? கூலியைக் குறைப்பது தீர்வல்ல. வேலை நேரத்தைக் குறைக்கும்படி டிசைனை எளிதாக்கலாம், மூலப்பொருளை மொத்த விலையில் வாங்கலாம், இல்லையென்றால் வேறு பொருளுக்கு மாறலாம். "சொந்தக்காரங்கதானே, பார்த்துப் போட்டுக் கொடு" என்பவர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுப்பதையும் விற்பதையும் தனித்தனியாக எழுதி வைப்பது நல்லது.

எங்கே விற்கலாம்?

முதல் சந்தை பெரும்பாலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் இன்ஸ்டாகிராமும்தான். மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர்களுக்கு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் 'மதி' அங்காடிகளும் கண்காட்சிகளும் உள்ளன. சென்னை நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் நவராத்திரி, தீபாவளி காலங்களில் விற்பனைக் கண்காட்சிகள் நடப்பது வழக்கம்.

பாரம்பரிய கைவினை செய்பவர்கள், மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் உள்ள கைவினைப் பொருட்கள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகத்தில் கைவினைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அரசுக் கண்காட்சிகளில் ஸ்டால் கேட்கும்போது இது உதவும்.

சீசனும் முக்கியம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் கல்யாண ஆர்டர்கள் குறையும். அந்த மாதங்களில் கொலு, பொங்கல் பொருட்களைச் செய்து தயாராக வைத்துக்கொள்வது அனுபவசாலிகளின் வழக்கம்.

என்னென்ன பதிவுகள் தேவை?

பொருட்கள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாத வரை, மாநிலத்துக்குள் விற்பனை செய்ய தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆன்லைன் தளங்கள் வழியாக மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகள், 2023 அக்டோபர் 1 முதல் முழுப் பதிவு இல்லாமல் ஒரு பதிவு எண் மட்டும் பெற்று விற்க முடிகிறது. வெளிமாநிலத்துக்கு அனுப்புவதற்கு விதிகள் வேறு என்பதால், அதற்கு முன் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

குறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். ஆதார் எண்ணை வைத்து அரசு இணையதளத்தில் நீங்களே செய்யலாம். அதே போலத் தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் பணம் கேட்டால் ஏமாற வேண்டாம்.

இரண்டு பொருட்களில் கூடுதல் கவனம் தேவை. 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஆனால் கைவினைப் பொருட்கள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களின் தயாரிப்புகளுக்கு விலக்கு உண்டு. குளியல் சோப், லிப் பாம் போன்றவை அழகு சாதனப் பொருட்கள் என்பதால், தயாரித்து விற்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும்.

மோசடிகளில் சிக்காமல் இருக்க

"மெட்டீரியல் நாங்க தர்றோம், செஞ்சு கொடுத்தா நாங்களே வாங்கிக்கிறோம், டெபாசிட் மட்டும் கட்டுங்க" என்று வரும் விளம்பரங்களில் உஷாராக இருங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு, செய்து கொடுத்த பொருளைத் 'தரம் சரியில்லை' என்று திருப்பி அனுப்புவது பழைய தந்திரம். வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

இன்னொன்று, மொத்தமாக ஆர்டர் தருவதாகச் சொல்லி க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொல்வது. யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பணத்தை இழந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்ய வேண்டும்.

பெயர் எழுதிய பொருட்கள், குறிப்பிட்ட அளவில் கேட்கும் பொருட்களுக்குப் பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிவிடுங்கள். ஆர்டர் ரத்தானால் அந்தப் பொருளை வேறு யாருக்கும் விற்க முடியாது.

தொடங்குவதற்குக் கடன் தேவையில்லை. ஒரே ஒரு பொருளைத் தேர்வு செய்து, 10 மட்டும் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஆன நேரத்தையும் செலவையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த 10-ம் உங்கள் கூலியோடு சேர்த்து வைத்த விலைக்கு விற்றுவிட்டால், அடுத்து 50 செய்யலாம்.