துரத்தலில் நேரும் மரணமும் ஓடுபவனின் குற்றமும்

1987-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் இரவு, கலிபோர்னியா மாகாணத்தின் ஆரஞ்சு கவுண்டியில், திருட்டுக் காரொன்றில் அமர்ந்திருந்தவனைக் காவலர் அணுகிய மாத்திரத்தில், அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு, சிவப்பு விளக்குகளைப் பொருட்படுத்தாமலும் எதிர்த் திசையிலே புகுந்தும் ஏறத்தாழ 48 மைல் தூரம் ஓடினான். அவனை வானிலிருந்து கண்காணித்து வந்த நியூபோர்ட் பீச், கோஸ்டா மேசா ஆகிய இரு நகரங்களின் காவல் துறை ஹெலிகாப்டர்கள் ஒன்றோடொன்று மோதியதில், ஒன்றிலிருந்த மூவரும் மாண்டனர். அம்மூன்று மரணங்களுக்காகவும் தரையிலே ஓடியவன்மீது கொலைக்குற்றம் சாட்டப்பட்டு, கீழ்க்கோர்ட்டில் தண்டனையும் விதிக்கப்பட்டது. ‘மக்கள் எதிர் அகோஸ்டா’ என்ற பெயரால் வழங்கும் அவ்வழக்கின் மேல்முறையீடு 1991-இல் தீர்ப்பாயிற்று. இத்தகைய வழக்கு நம் நியாய ஸ்தலங்களுக்கு வருமாயின் எவ்வாறு தீர்க்கப்பட வேண்டும் என்பதே இங்கு நான் ஆராயப் புகும் பொருள்.

மேல்முறையீட்டு நீதிபதிகள் இரண்டு பிரச்னைகளைப் பிரித்து நோக்கினர். ஓட்டம் அம்மரணங்களுக்குச் சட்டம் ஏற்கத்தக்க காரணமா என்பது ஒன்று. ஓடியவனுக்குக் கொலைக்குரிய துர்ச்சிந்தை இருந்ததா என்பது மற்றொன்று. தரைத் துரத்தலில் ஈடுபட்ட இரு ஹெலிகாப்டர்கள் வானில் மோதியதாகத் தாம் கேள்விப்பட்டதே இல்லை என்று நிபுணர் சாட்சியம் கூறியிருந்தும், துரத்துவோரின் வேகமும் ஆவலும் அஜாக்கிரதைக்கு இடம் தரக்கூடும் என்பது எதிர்பார்க்கத்தக்கதே என்று கருதி, முதற் பிரச்னையைப் பெரும்பான்மையோர் அரசுத் தரப்புக்குச் சாதகமாக முடிவு செய்தனர். தரையில் ஓடும் ஒருவன் எதிர்பார்க்கக்கூடிய ஆபத்தின் எல்லைக்குள் வானில் பறப்போர் அடங்கமாட்டார்கள் என்று ஒரு நீதிபதி மாறுபட்டு எழுதினார். ஆயினும், ஹெலிகாப்டரில் இருந்தோருக்கு நேரக்கூடிய அபாயத்தை அவன் அறிந்தே அலட்சியம் செய்தான் என்பதற்குச் சாட்சியம் இல்லாமையால், கொலைத் தீர்ப்பு ரத்தாயிற்று. முடிவு சரியானதே; ஆனால் முதற் பிரச்னையில் மாறுபட்டு எழுதிய நீதிபதியின் பக்கமே நியாயம் இருக்கிறதென்பது என் அபிப்பிராயம்.

நம் சட்டம் இவ்விஷயத்தில் தொடக்கத்திலேயே தெளிவான நிலையை மேற்கொண்டது. 1837-இல் மெக்காலேயின் தலைமையில் வகுக்கப்பட்ட தண்டனைச் சட்ட நகலுக்கான குறிப்புகள், குற்றமொன்றைச் செய்துகொண்டிருப்பவனால் தற்செயலாக ஒருவர் இறந்துவிட்டால், அவனைக் கொலைஞனாகத் தண்டிப்பது மனித உயிருக்கு எவ்விதப் பாதுகாப்பையும் கூட்டாது என்று வாதித்தன. அந்தச் சிந்தனையே 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 299-ஆம் பிரிவில் ஓர் உதாரணமாக நிலைபெற்றது: கோழியைக் கொன்று திருடும் நோக்கத்தோடு சுடுகிறவன், புதருக்குப் பின்னால் ஆள் இருப்பதை அறியாமல் அவரைக் கொன்றுவிட்டால், அவன் செய்தது சட்டவிரோதமான செயலேயாயினும், மரணம் விளைவிக்கும் குற்றத்துக்கு அவன் ஆளாகான். அச்சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 100-ஆம் பிரிவிலும் இவ்வுதாரணம் அப்படியே இருக்கிறது. வானூர்தியில் இருப்பவரைப்பற்றிய நினைவே இன்றி ஓடுபவன், புதருக்குப் பின்னால் இருந்தவரை அறியாதவனைவிட எவ்வகையில் அதிகக் குற்றவாளி?

அஜாக்கிரதையால் மரணம் விளைவித்த குற்றமாவது பொருந்துமா எனில், அதற்கும் தடை உண்டு. 1902-இல் பம்பாய் ஹைகோர்ட்டில் ஓங்கார் ராம்பிரதாப் வழக்கில் ஸர் லாரன்ஸ் ஜென்கின்ஸ் வகுத்த விதியின்படி, குற்றம் சாட்டப்பட்டவனின் செயல், வேறொருவரின் அஜாக்கிரதை இடைப்படாமல் மரணத்தை நேரே விளைவித்த காரணமாக இருத்தல் வேண்டும்; அச்செயல் இல்லாவிடில் மரணம் நேர்ந்திராது என்று காட்டுவது மாத்திரம் போதாது. இவ்விதியைச் சுப்ரீம் கோர்ட் 1965-இல் குர்பான் ஹுசேன் வழக்கில் ஏற்றது. அங்கே ஒரு பெயின்ட் தொழிற்சாலையில், டர்பென்டைனும் வார்னிஷும் சேமித்திருந்த அறையிலேயே அடுப்பெரிக்க நிர்வாகி இடம் கொடுத்திருந்தார். உருக்கிய சரக்கு ஆறுமுன் தொழிலாளி ஒருவர் டர்பென்டைனை ஊற்ற, அது பொங்கி வழிந்து தீப்பற்றி, ஏழு பேர் மாண்டனர். அவசரமாக ஊற்றியதே மரணங்களுக்கு நேர் காரணம் என்று கொண்டு, மரணக் குற்றத்தினின்று நிர்வாகியை விடுவித்த நீதிபதிகள், நெருப்பைக் கவனமின்றிக் கையாண்ட குற்றத்துக்கான தண்டனையை நிலைநிறுத்தினர்.

எதிர்த்தரப்பார் சென்னை ஹைகோர்ட்டின் 1912-ஆம் ஆண்டு சூரியநாராயண மூர்த்தி வழக்கைச் சுட்டக்கூடும். அதில், ஒருவனைக் கொல்லக் கருதி விஷங்கலந்த அல்வாவைக் கொடுக்க, அவன் சிறிது உண்டு எஞ்சியதை எறிந்துவிட, அதை எடுத்துத் தின்ற சிறுமி இறந்தாள். இடையே பிறருடைய செயல் புகுந்திருக்கிறதென்று நீதிபதி சுந்தர ஐயர் தயங்கினார். நீதிபதி பென்சனின் கருத்தை நீதிபதி ரஹீம் ஏற்றதால் கொலைக்குற்றம் உறுதியாயிற்று. ஆனால் அங்கே விஷம் கொடுத்தவன் ஓர் உயிரைப் போக்கும் உத்தேசத்தோடு செயல்பட்டான். அவ்வுத்தேசம் வேறோர் உயிரைப் பற்றியது. ஓடுபவனுக்கோ எவ்வுயிர்மீதும் உத்தேசம் இல்லை. இவ்வேறுபாட்டை மறந்து அவ்வழக்கை இங்கு இழுப்பது நியாயமாகாது.

இதனால் ஓடுபவனுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று நான் கூறவில்லை. காஞ்சீபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில், விடியற்காலையில் பட்டுப் பாவைத் தெருவின் நீளத்துக்கு விரித்துக் கட்டி, இரு மருங்கிலும் நெசவாளர் குனிந்து நின்று அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருக்கும் வேளையில், சங்கிலி பறித்த ஒருவன் மோட்டார் சைக்கிளில் அத்தெருவுக்குள் பாய்ந்து ஒருவரை இடித்துக் கொன்றான் என்று கொள்வோம். எதிரே மனிதர் நிற்பதை அவன் கண்ணாரக் காண்கிறான். அவன் ஓட்டுவதே மரணத்துக்கு நேர் காரணம். அவனைத் தப்ப விடுவதற்கில்லை. அவனைத் துரத்திய ஜீப் ஒரு கிழவரை மோதினால், ஜீப்பை ஓட்டியவரின் அஜாக்கிரதையே முதலில் விசாரிக்கப்பட வேண்டும். அத்தெருவின்மேல் பறந்து அவனைத் தேடிய இரு விமானங்கள் மோதினவென்றால், அவற்றின் உயரத்தையும் வழியையும் தீர்மானித்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள். ஒருவரோடொருவர் பேசும் சாதனம் உடையவர்கள். திரும்பிச் செல்லும் சுதந்திரமும் அவர்களுக்கு உண்டு. 2007 ஜூலை 27-இல் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில், காவலரின் துரத்தலைப் படம் பிடித்த இரு செய்தி ஹெலிகாப்டர்கள் மோதி நால்வர் இறந்தபோதும், ஒருவரையொருவர் கண்டு விலகத் தவறியதையே காரணமாக அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் குறித்தது.

ஓடியவனுக்கு உரிய தண்டனைகள் நம் சட்டத்திலேயே இருக்கின்றன: திருட்டுக்குத் தனி, பாரதிய நியாய சம்ஹிதையின் 281-ஆம் பிரிவின்படி கண்மூடித்தனமாக ஓட்டியதற்குத் தனி, 262-ஆம் பிரிவின்படி சட்டபூர்வமான கைதை எதிர்த்ததற்குத் தனி. மரித்தவர்களின் குடும்பங்களுக்கு ஏற்பட்ட துயரம் மிகப் பெரிது; அதை நான் இலேசாக மதிப்பவனல்லன். ஆயினும் அத்துயரத்தின் அளவைக் கொண்டு ஒருவனது குற்றத்தின் அளவை நிர்ணயிப்பது, மெக்காலேயின் காலத்திலேயே நாம் கைவிட்ட வழியாகும்.

சென்னைக் காவல் துறை 2023-இல் அடையாற்றில் ட்ரோன் பிரிவொன்றைத் தொடங்கிவிட்டது. நாளை இத்தகைய ட்ரோன்கள் காஞ்சீபுரத்துக் கோபுரங்களுக்கும் தறிக்கூடங்களின் கூரைகளுக்கும் மேலே பறந்து தேடும் காலம் வரலாம். அதற்குமுன், எக்குற்றத்துக்காகத் துரத்தலாம், எந்நிலையில் நிறுத்த வேண்டும், நிறுத்தும் உத்தரவை யார் இடுவது என்பவற்றை எழுத்தில் வகுத்து, ஒவ்வொரு துரத்தலின் பதிவையும் காக்கும் கடமையை அரசு ஏற்க வேண்டும். துரத்தலில் மரணம் நேரும்போது, ஓடியவனைக் கூண்டில் நிறுத்துமுன் அப்பதிவை வரவழைத்துப் படிக்குமாறு நம் நீதிபதிகளை வேண்டுகிறேன்.